டோட்டல் லாஸ் ஆன ஃபோர் வீல் டிரைவ் வண்டியை நாமே சரிசெய்யலாமா? சேஸிஸ் பற்றிய ஐயம்

மண்சாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது லேடர் சேஸிஸின் (ஏணி போன்ற அடிச்சட்டத்தின்) மேல் பாடி தனியாகப் போல்ட்டுகளால் பொருத்தப்பட்ட, முன்னும் பின்னும் சாலிட் ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திட அச்சு) உள்ள பெட்ரோல் வண்டி. ஸ்டியரிங் வலப்பக்கம். கரடுமுரடான ஓர் இறக்கத்தில் சரளையில் சறுக்கி, இடது முன் மூலை பாறையில் மோதி, பிறகு இடப்பக்கமாகச் சாய்ந்து சிறிது நேரம் அப்படியே கிடந்தது. முன்பக்க ஏர்பேக்குகள் இரண்டும் விரிந்தன. உள்ளே இருந்த எங்கள் இருவருக்கும் காயம் எதுவும் இல்லை என்பது பெரிய நிம்மதி.

வண்டியைப் பார்த்த இன்சூரன்ஸ் சர்வேயர், பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பை நெருங்குவதால் டோட்டல் லாஸ் என்று எழுதிவிட்டார். சேதமடைந்த வண்டியை நானே வைத்துக்கொள்ள விரும்பினால், அதன் ஸ்கிராப் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதித் தொகையைத் தருவதாக நிறுவனம் தெரிவித்துள்ளது. எனக்கு அந்த வழியில்தான் மனம் செல்கிறது. எஞ்சின், கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றிய அனுபவம் உண்டு. மிக் வெல்டிங் நன்றாகத் தெரியும். இடமும் கருவிகளும் இருக்கின்றன. ஆனால் சேஸிஸில் பெண்டு எடுக்கும் வேலையை இதுவரை தொட்டதில்லை.

சேஸிஸ் வளைந்திருக்கிறதா என்பதை வீட்டிலேயே எப்படி உறுதிசெய்வது? விரிந்த ஏர்பேக்குகளை நாமே மாற்றலாமா? ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடும் முன் வேறு எதையேனும் கவனிக்க வேண்டுமா? இந்த வண்டியில் மறுபடியும் என் பிள்ளைகளை ஏற்றிச் செல்லப்போகிறேன் என்பதால், ஓடினால் போதும் என்ற அளவில் வேலையை முடிக்க எனக்கு விருப்பமில்லை.

தூக்குக்குண்டு எழுதியது:

வணக்கம் நண்பரே. பானெட், ஃபெண்டர், பம்பர், ஹெட்லைட் இவற்றின் சேதம் எவ்வளவு மோசமாகத் தெரிந்தாலும் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். உங்கள் வண்டியில் அவை எல்லாமே போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடியவை. வண்டி தேறுமா தேறாதா என்பதைச் சேஸிஸின் அளவுதான் சொல்லும். அந்த அளவை எடுக்க அளவு நாடா, தூக்குக்குண்டு, சாக்பீஸ், தண்ணீர் டியூப் ஆகியவை போதும். எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடும் முன் இதை முடித்துவிடுங்கள்.

வண்டியைச் சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்தி, நான்கு ஸ்டாண்டுகளின் மேல் உறுதியாக ஏற்றி வையுங்கள். சேஸிஸின் இரு ரெயில்களிலும் (நீளவாட்டுச் சட்டங்களிலும்) தொழிற்சாலையிலேயே இடப்பட்ட துளைகள் இடமும் வலமும் இணையிணையாக இருக்கும். பாடி மவுண்டுகளின் (பாடி சேஸிஸில் அமரும் இடங்களின்) போல்ட்டு மையங்களும் இதற்குப் பயன்படும். ஒவ்வொன்றின் மையத்திலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கி, அதன் கூர்முனை நிற்கும் இடத்தைத் தரையில் குறித்துக்கொண்டே முன்னிருந்து பின்வரை செல்லுங்கள். பிறகு வண்டியை நகர்த்திவிட்டால் சேஸிஸின் முழு வரைபடமும் தரையில் கிடைத்துவிடும். அதை முன், நடு, பின் என்று மூன்று கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இரு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுங்கள். பல தயாரிப்பாளர்களின் பாடி ரிப்பேர் கையேடுகள் 3 மி.மீ. வரையிலான வித்தியாசத்தை ஏற்கின்றன. உங்கள் வண்டிக்கான கையேட்டில் துளைக்குத் துளை உள்ள தூரமே அச்சிடப்பட்டிருக்கும் என்பதால் அதைத் தேடி வாங்குவது மிக முக்கியம். சில வண்டிகளில் இடமும் வலமும் வேண்டுமென்றே வேறுபட்டிருக்கும். அதைக் கையேடு மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

மூலைவிட்டம் நடுக்கட்டத்தில் வேறுபட்டால், ஒரு ரெயில் மற்றொன்றைவிடப் பின்தள்ளப்பட்டு முழுச் சட்டமும் சாய்சதுரமாக மாறியிருக்கிறது என்று பொருள். லேடர் சேஸிஸுக்கே உரிய இந்தக் கோளாறை வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது. முன்கட்டத்தில் மட்டும் வேறுபட்டால், ரெயில்களின் முனைகள் பக்கவாட்டில் தள்ளப்பட்டிருக்கலாம் அல்லது ஒரு முனை நீளத்தில் நசுங்கியிருக்கலாம். தரைக்குறிகள் உயர வேறுபாட்டைக் காட்டமாட்டா. அதற்குத் தண்ணீர் டியூபை எடுத்து, நான்கு மூலைகளிலும் சேஸிஸின் அடிப்பக்கம் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். ஸ்டாண்டுகளின் உயரத்தைக் கழித்த பிறகும் ஒரு மூலை மட்டும் ஏறியோ இறங்கியோ இருந்தால் சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

அளவு எடுக்கும் முன் ரெயிலைக் கம்பி பிரஷ் கொண்டு தேய்த்துவிடாதீர்கள். சட்டம் வளைந்த இடத்தில் பெயிண்ட் மெல்லிய கோடுகளாக வெடித்தோ செதில் செதிலாக உதிர்ந்தோ இருக்கும். தேய்த்தால் அந்தச் சாட்சியம் அழிந்துவிடும். வலுவான டார்ச்சை ரெயிலை ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், நேராகப் பார்க்கும்போது தெரியாத சுருக்கங்களும் தெரியும்.

அடுத்தது முன் ஆக்ஸில். முன் சக்கரத்தின் மையத்திலிருந்து பின் சக்கரத்தின் மையம் வரை இடமும் வலமும் தனித்தனியாக அளந்து பாருங்கள். இடது பக்கம் குறைந்திருந்தால் மூன்று காரணங்களில் ஒன்று அல்லது பல இருக்கலாம்: ஆக்ஸிலைப் பின்னோக்கிச் சேஸிஸுடன் இணைக்கும் நீண்ட ஆர்ம் வளைந்திருக்கலாம், அந்த ஆர்ம் மாட்டப்பட்ட பிராக்கெட் நகர்ந்திருக்கலாம், ஆக்ஸிலின் வெளிக்கூடான ஹவுசிங்கே வளைந்திருக்கலாம். பிராக்கெட்டைச் சேஸிஸின் ஏதேனும் ஒரு துளையிலிருந்து இருபுறமும் அளந்தால் தெரிந்துவிடும். ஆர்ம்களைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு முனையின் துளைகளில் ஒரே போல்ட்டைச் செருகுங்கள். மறுமுனைத் துளைகளிலும் போல்ட்டு தடையின்றி இறங்கினால் இரண்டும் நேர்தான்.

இன்னொன்றை அவசரமாகச் சொல்ல வேண்டும். வண்டி பக்கவாட்டில் கிடந்தது என்கிறீர்கள். தயவுசெய்து சாவியைத் திருப்பி எஞ்சினை இயக்கிப் பார்க்காதீர்கள். சாய்ந்து கிடக்கும்போது ஆயில், எஞ்சினின் ஆவியை வெளிவிடும் பிரீத்தர் குழாய் வழியாக, காற்றை உள்ளிழுக்கும் இன்டேக்கிலும், பிஸ்டனைத் தாண்டி சிலிண்டருக்குள்ளும் இறங்கியிருக்கக்கூடும். காற்றைப் போல ஆயிலை அமுக்க முடியாது என்பதால் ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்திலேயே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஆயில் வெளியேறுவது நின்ற பிறகு பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரால் சற்றுச் சுழற்றி, இன்டேக் குழாயையும் ஏர் ஃபில்டரையும் துடைத்துவிட்டு அப்புறம் பிளக்குகளைப் போடுங்கள்.

பன்னிரண்டு வோல்ட் எழுதியது:

மேலே உள்ள பதிலில் ஏர்பேக் விடுபட்டிருப்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விரிந்த இரண்டு பைகளை மாற்றினால் வேலை முடிந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். ஏர்பேக் விரிந்த அதே நொடியில் சீட் பெல்ட்டின் பிரிடென்ஷனரும் வெடித்துப் பெல்ட்டை இறுக்கியிருக்கும். அதுவும் ஒருமுறை மட்டுமே வேலை செய்யும் பொருள்தான். பெல்ட்டு நாடாவைக் கடைசிவரை இழுத்து, தோளுக்கு மேல் அது திரும்பும் வளையத்தைப் பாருங்கள். மோதலின் இழுப்பில் நாடா உரசி அங்குள்ள பிளாஸ்டிக் உருகிய தடம் இருந்தால், பிரிடென்ஷனர் எப்படி இருந்தாலும் அந்தப் பெல்ட்டை முழுவதும் மாற்ற வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் சுருள் கேபிள், முன்பக்க மோதல் சென்சார்கள், பயணி பக்கத்தில் பை கிழித்துக்கொண்டு வந்த டேஷ்போர்டு ஆகியவையும் பட்டியலில் சேரும். ஏர்பேக்கின் கட்டுப்பாட்டு மாட்யூல் மோதல் பதிவைத் தன்னுள் பூட்டி வைத்துக்கொள்ளும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதைப் புதிதாக மாற்றச் சொல்கிறார்கள். பதிவை அழித்துத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். உயிர் காக்கும் பொறுப்புள்ள ஒரு பெட்டியில் அத்தகைய சிக்கனம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

ஏர்பேக் இல்லாத இடத்தில் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி எச்சரிக்கை விளக்கை அணைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. இதைவிடக் கொடிய செயல் இந்தத் தொழிலில் இல்லை என்பேன். விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்துப் பை இருக்கிறது என்று நம்பி உட்காருபவர் நாளை உங்கள் பிள்ளையாகவோ, வண்டியை உங்களிடமிருந்து வாங்கும் முகம் தெரியாத ஒருவராகவோ இருக்கலாம்.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஏர்பேக்கும் வேண்டாம். டகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்கள் (பையை ஊதி விரியச் செய்யும் பாகங்கள்) உலகெங்கும் கோடிக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணம், அவற்றில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் பல ஆண்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, விரியும்போது உலோக உறையையே துண்டுகளாகச் சிதறடித்ததுதான். அந்த நிறுவனம் 2017இல் திவாலானது. அந்த உதிரிபாகங்கள் பழைய வண்டிகளோடு சேர்ந்து இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரு பையை வெளியிலிருந்து பார்த்து அதன் வரலாற்றைச் சொல்லிவிட முடியாது.

புதிய பாகங்களைப் பொருத்தும் வேலையைப் பொறுமையுள்ள ஒருவர் தாமே செய்யலாம். பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் நேரம் முழுவதும் காத்திருங்கள். மாட்யூலுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சற்று நேரம் பிடித்து வைத்திருக்கும். மஞ்சள் நிறக் கனெக்டர்களில் மல்ட்டிமீட்டரை வைத்து ஓம் அளக்கவே கூடாது, மீட்டரின் சிறு மின்னோட்டமே பையை வெடிக்கச் செய்துவிடக்கூடும். பையைத் தூக்கும்போது அலங்கார மூடி உங்கள் உடலுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். மேசையில் வைக்கும்போது மூடி மேலே பார்க்கட்டும்.

வெல்டிங் செய்யும்போதும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்பை வெல்டு செய்யும் இடத்துக்கு மிக அருகிலேயே மாட்டுங்கள்.

கோப்புக்கட்டு எழுதியது:

நான் மெக்கானிக் அல்ல. இன்சூரன்ஸ் கோப்புகளைக் கையாளும் வேலையில் இருப்பவன். ஆகவே பணத்தையும் காகிதத்தையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சர்வேயரின் மதிப்பீட்டை மொத்தத் தொகையாக மட்டும் பெறாமல், பாகம் பாகமாக எழுதிய பட்டியலாகக் கேட்டு வாங்குங்கள். அதில் கூலி, பெயிண்டிங், வெளித்தகடுகள் ஆகியவற்றைத் தனியே பிரித்தால், நீங்களே வேலை செய்வதால் மிச்சமாகக்கூடிய தொகை அவற்றில் மட்டுமே இருப்பது தெரியவரும். ஏர்பேக், பெல்ட்டு, மாட்யூல், ஸ்டியரிங் பாகங்கள் யாருடைய கையால் மாட்டினாலும் அதே விலைதான். பட்டியலில் இல்லாத சேதமும் பிரித்துப் பார்க்கும்போது வெளிப்படும். ரேடியேட்டர் இருந்த இடத்துக்குப் பின்னால் நசுங்கிய வயரிங், வெடிப்பு விட்ட எஞ்சின் மவுண்ட் போன்றவற்றைச் சர்வேயர் வெளியிலிருந்து பார்த்திருக்கவே முடியாது. அதற்கென ஒரு தொகையை ஒதுக்கிய பிறகும் கணக்கு ஒத்துவந்தால் மட்டுமே வண்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்திடும் முன் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் பெறுங்கள். இந்த வண்டியின் பதிவு ரத்தாகுமா, அல்லது பழுதுபார்த்தபின் சோதனைக்கு உட்படுத்திச் சாலைக்குக் கொண்டுவர விதி இருக்கிறதா என்பது ஒன்று. சரிசெய்த பிறகு இதற்கு முழுக் காப்பீடு கிடைக்குமா, மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தானா என்பது மற்றொன்று. விதி நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 2017 முதல் இத்தகைய வண்டிகளை ஏ, பி, எஸ், என் என்று நான்காகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டும் மீண்டும் சாலைக்கு வரவே முடியாது, எஸ் என்பது சட்டக அமைப்பில் சேதமுற்றும் சீர்செய்யத்தக்கது, என் என்பது அமைப்பில் சேதமற்றது. உங்கள் கோப்பில் எந்த வகை எழுதப்படுகிறது என்பதை இப்போதே கேளுங்கள், பிறகு மாற்றுவது மிகக் கடினம்.

பழுதுவேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் புகைப்படம் எடுத்து, பாகங்களின் ரசீதுகளோடு தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். பரிசோதகரிடமும் அடுத்த காப்பீட்டு நிறுவனத்திடமும் நீங்கள் காட்டக்கூடிய ஆதாரம் அதுதான்.

மண்சாலை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பிளக்குகளைக் கழற்றிக் கையால் சுற்றியபோது இரண்டு சிலிண்டர்களிலிருந்து ஆயில் வந்தது. சாவியைத் திருப்பாமல் இருந்தது நல்லதாயிற்று.

சொன்னபடியே தரையில் குறித்து அளந்தேன். நடுக்கட்டத்திலும் பின்கட்டத்திலும் மூலைவிட்டங்கள் 2 மி.மீ.க்குள் ஒத்துப்போகின்றன. முன்கட்டத்தில் வித்தியாசம் 12 மி.மீ. நடுக்கோட்டிலிருந்து பார்த்தால் ரெயில் முனைகள் இரண்டுமே 6 மி.மீ. அளவுக்கு வலப்பக்கம் நகர்ந்திருக்கின்றன. இடது முனை மட்டும் கூடுதலாக 4 மி.மீ. பின்வாங்கியிருக்கிறது. உயரத்தில் வேறுபாடு இல்லை. இடது ரெயிலின் உட்பக்கத்தில், பம்பர் மவுண்டுக்குச் சற்றுப் பின்னால், கூர்மையான மடிப்பு ஒன்று தெரிகிறது. விரல் நகம் அதில் மாட்டுகிறது, பெயிண்டும் உதிர்ந்திருக்கிறது.

சக்கர மைய தூரம் இடப்பக்கம் 13 மி.மீ. குறைவு. பிராக்கெட்டுகள் இருபுறமும் சம அளவில் இருக்கின்றன. ஆர்ம்களைக் கழற்றிச் சேர்த்து வைத்தபோது மறுமுனைத் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மடிப்பு உள்ள இடத்தைச் சூடுபடுத்தி நேராக்கி, மேலே தகடு வைத்து வெல்டு செய்யலாமா?

தூக்குக்குண்டு எழுதியது:

அளவுகள் தெளிவாக இருக்கின்றன. நடுக்கட்டம் சரியாக இருப்பதால் வண்டியைக் காப்பாற்ற இடமிருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட வழி வேண்டாம்.

சூடுபடுத்தினால் உயர்வலிமை எஃகு தன் வலிமையை இழக்கும்; நேராகத் தெரியும் அந்த இடம் அடுத்த மோதலில் எதிர்பாராத விதமாக மடியும். தகடு வைத்து வெல்டு செய்தால் அந்த இடம் மட்டும் அளவுக்கு மீறி விறைப்பாகி, ரெயில் நசுங்க வேண்டிய முறையே மாறிப்போகும். முன்முனை நசுங்கும் விதத்தைக் கணக்கில் கொண்டுதான் ஏர்பேக் விரியும் நேரத்தையும் நிர்ணயிக்கிறார்கள். பட்டறைகளில் பின்பற்றும் நெறி எளியது: சீராக வளைந்திருந்தால் இழுத்து நேராக்கலாம், கூர்மையாக மடிந்திருந்தால் மாற்ற வேண்டும். நகம் மாட்டும் அளவுக்கு மடிந்த முனை இரண்டாவது வகை.

வலது ரெயிலின் வெளிப்பக்கத்தையும் பாருங்கள். முனைகள் வலப்பக்கம் தள்ளப்படும்போது இடது ரெயிலின் உட்புறம் அமுங்குவதைப் போலவே வலது ரெயிலின் வெளிப்புறமும் அமுங்கும். உங்கள் வண்டியில் ஸ்டியரிங் பாக்ஸ் பெரும்பாலும் அந்த ரெயிலில்தான் இருக்கும். அதன் போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாக்ஸைக் கழற்றிவிட்டே பார்க்க வேண்டும். சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் கொண்ட டை பெனிட்ரன்ட் ஸ்பிரே (வெடிப்பில் ஊறிய சாயத்தைக் கோடாகக் காட்டுவது) இதற்குப் போதுமானது. அங்கே வெடிப்பு இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை, சேஸிஸையே மாற்ற வேண்டும்.

வெடிப்பு இல்லையென்றால், பக்கவாட்டு நகர்வை மட்டும் சேஸிஸ் பெஞ்ச் (வண்டியைப் பிடித்து அளந்து இழுக்கும் மேடை) உள்ள பட்டறையில் கொடுத்துச் சூடில்லாமல் இழுக்கச் சொல்லுங்கள். எஃகு சற்றே திரும்பி வரும் என்பதால் அவர்கள் தேவைக்கு மேல் கொஞ்சம் இழுத்து, விட்டு, அளந்து, மறுபடி இழுப்பார்கள். மரத்தில் சங்கிலி கட்டி வின்ச்சால் இழுத்து அந்தத் துல்லியத்தைப் பெற முடியாது, சங்கிலி அறுந்தால் ஆளையே கொன்றுவிடும். இழுத்து முடித்தபின், தயாரிப்பாளர் முன்முனையைத் தனிப் பாகமாக விற்று, எங்கே வெட்டி எப்படி இணைப்பது என்று கையேட்டில் வரைந்திருந்தால், மிக் வெல்டிங் தெரிந்த நீங்கள் அதைச் செய்யலாம். அப்படி ஒரு வரைபடம் இல்லாவிட்டால் ரெயிலை வெட்டவே வெட்டாதீர்கள். வெறும் சேஸிஸ் ஒன்றை வாங்கிப் பாடியை இடம் மாற்றுவது அடுத்த வழி. ஆனால் இத்தகைய வண்டிகள் பலவற்றில் சேஸிஸ் எண் ரெயிலில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். பதிவு அலுவலகத்தின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அதைத் தொட்டால் குற்ற வழக்கில் போய் முடியும்.

வண்டி சாய்ந்து விழுந்ததால் இடப்பக்கக் கதவுத் தூணையும் சரிபாருங்கள். கதவின் இடைவெளி மேலும் கீழும் சமமாக இருக்கிறதா, கண்ணாடி உரசாமல் ஏறுகிறதா என்பது போதும். புதிய மாடல்களின் தூண்களில் 1,500 மெகாபாஸ்கல் வரை வலிமையுள்ள போரான் எஃகு இருக்கும். அது வளைந்திருந்தால் இழுத்து நேராக்க முடியாது, மாற்றத்தான் முடியும்.

டிங்கரிங், பெயிண்டிங் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பெயிண்டில் ஐசோசயனேட் இருப்பதால் சாதாரண முகமூடி போதாது. வெளியிலிருந்து காற்று செலுத்தும் முகமூடி இல்லையென்றால் அந்த வேலையை வெளியே கொடுத்துவிடுங்கள். வெல்டு செய்த ரெயிலின் உட்புறத்தில் மெழுகு ஸ்பிரே அடிக்க மறக்க வேண்டாம், துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

வளைந்த ஆர்மை நேராக்க முயலாமல் இரு பக்கமும் புதிதாகப் போடுங்கள். புதிய ஆர்ம்களைக் கோர்க்கும்போது புஷ் (ரப்பர் உருளை) போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விட்டு, சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் முழு எடையும் ஸ்பிரிங்கில் உட்கார்ந்தபின் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள்; சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். அதன்பிறகு வீல் அலைன்மென்ட் எடுத்து, அச்சிட்ட தாளில் கேம்பரை (சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் கோணத்தை) முதலில் பாருங்கள். சாலிட் ஆக்ஸிலில் கேம்பரைத் திருகிச் சரிசெய்ய வழி இல்லாததால், இடமும் வலமும் கையேட்டின் அளவைத் தாண்டி வேறுபட்டால் ஹவுசிங்கோ இடது நக்கிளோ (ஆக்ஸில் முனையில் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகமோ) வளைந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். அந்தத் தாளை இங்கே பதிவிடுங்கள். ஹவுசிங்கைக் கழற்ற வேண்டுமா என்பதை எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.